ரிலேயின் அஞ்சு கால்

கோவையில் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் கம்பெனி ஒன்றில், டிசைன் தலைவர் சச்சிதானந்தம் வரைந்தால் வரைந்ததுதான். சரிபார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"சார், புது ரிலே சுவிட்சோட கால் இறங்க நீங்க போட்ட ஓட்டையெல்லாம் இடவலம் மாறியிருக்குங்க," என்றாள் சர்க்யூட் போர்டில் சால்டர் வைத்துப் பாகங்களை ஒட்டும் பொற்கொடி.

"ஐயாயிரம் போர்டுக்கு இன்னிக்கே ஆர்டர் போகுது. போர்டே இல்லாம அஞ்சு நிமிஷத்துல நிரூபி. இல்லேன்னா நாளைக்கு வராதே!"

அவர் வரைந்ததை அதே அளவில் காகிதத்தில் அச்செடுத்து, புள்ளிகளை ஊசியால் துளைத்து, ரிலேயை நீட்டினாள். "நீங்களே மாட்டுங்க சார்."

எப்படித் திருப்பினாலும் அஞ்சு காலும் இறங்கவில்லை. அவள் காகிதத்தைக் கவிழ்த்துப் பிடித்தாள், கச்சிதமாக இறங்கியது. ரிலே செய்தவர்கள் அடியிலிருந்து பார்த்துப் போட்ட படத்தை, மேலிருந்து பார்த்ததாக நினைத்து வரைந்திருக்கிறார் சச்சிதானந்தம்.

"சார் வரைஞ்சா வரைஞ்சதுதானுங்க," என்றாள் பொற்கொடி. "ரிலேக்காரங்களுக்குப் போன் போட்டு, காலை மாத்தி வெக்கச் சொல்லிடலாமுங்களா?"

சச்சிதானந்தம் போனை எட்டி எடுத்தார், போர்டு ஆர்டரை நிறுத்த.