லேகியம் கிண்டிய நாள்

மூன்று மாதமாக மூடுபனி. துவைத்த வேட்டி காயவில்லை, விறகு காயவில்லை, சூரியன் என்று ஒருவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. மாசி பிறந்து ஒன்பதாம் நாள் பாருங்கள், மலைமேல் இருந்த அந்த மடத்து முற்றத்தில் பளிச்சென்று வெயில் விழுந்தது. மடமே வெளியே ஓடிவந்துவிட்டது.

அய்யாத்துரை மட்டும் அடுக்களையில் மாட்டிக்கொண்டார். அண்டாவில் இருமல் லேகியம் கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பைக் கொஞ்சம் நிறுத்தினாலும் அடிப்பிடித்துவிடும். இடித்து, சலித்து, நான்கு நாள் பட்ட பாடு.

கோமதியம்மாள் வாசலில் வந்து நின்றார். மடத்துக்கு அவர்தான் குரு. அய்யாத்துரையைவிடப் பத்து வயது இளையவர்.

"ஏன் அழுகிறீங்க?"

"புகைம்மா."

"புகைதான் ஜன்னல் வழியாப் போயிட்டிருக்கே. நீங்க ஏன் அழுகிறீங்க?"

அய்யாத்துரை கிண்டிக்கொண்டே பேசினார்.

"இதே மாதிரி முதல் வெயில் நாள்மா. தேயிலை ஃபாக்டரியில எடை போடுற வேலை எனக்கு. என் சம்சாரம் பூவாயி அப்போ மூணு மாசமாப் படுக்கையில. 'என்னங்க, வெயில் வந்திருக்கு. என்னைத் தூக்கிட்டுப் போய் மேட்டுல உட்கார வைங்க, பக்கத்துல நீங்களும் கொஞ்ச நேரம் இருங்க'ன்னு கேட்டா. இலை மூட்டை வந்து கிடக்கு, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு கிளம்பிட்டேன்."

துடுப்பு சுற்றிக்கொண்டே இருந்தது.

"சாயங்காலம் வந்து பார்த்தா, போயிட்டா."

கோமதியம்மாள் உள்ளே வந்து அண்டா பக்கத்தில் நின்றார்.

"வேலைன்னா என்ன பண்ண முடியும், உன் மேல தப்பில்லைன்னு ஊரே சொல்லுச்சு. ஏழு வருஷமாச்சு, நெஞ்சு ஆறலை. நீங்க சொல்லுங்கம்மா. அன்னிக்கு எனக்கு வேற வழி இருந்துச்சா?"

பாவம் மனுஷன், 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மலையேறி வந்திருந்தார்.

கோமதியம்மாள் அவர் கையிலிருந்து துடுப்பை வாங்கிச் சுவரில் சாத்தினார்.

"வாங்க."

"ஐயோ, அடிப்பிடிச்சிரும்மா!"

கோமதியம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, முற்றத்துக் கல்லில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். வெயில் இதமாக முதுகில் ஏறியது. அய்யாத்துரைக்கு அதெங்கே தெரிந்தது? கண் அடுக்களை வாசலிலேயே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. அவர் துடித்து எழுந்தார்.

"போச்சும்மா! நாலு நாள் பாடு, அத்தனையும் போச்சு!"

"உட்காருங்க" என்றார் கோமதியம்மாள். "நாளைக்கு வேற கிண்டிக்கலாம்."