காய்ச்சின தண்ணீர்

புயல் கரையைக் கடந்த மறுநாள் உப்பங்குடியில் குடிக்கத் தண்ணீர் இல்லை. கடல் உள்ளே வந்து குளத்தையும் சாக்கடையையும் ஒன்றாக்கிவிட்டுப் போயிருந்தது. மிஞ்சியது மடத்துக் கிணறு ஒன்றுதான். அதற்குள்ளும் வெள்ளம் புகுந்து வடிந்திருந்தது.

மடத்தை நடத்தி வந்த செங்கமலத்தம்மாளுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் அம்பலவாணனுக்கு அறுபத்திரண்டு. தபால் ஆபீஸ் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு ஞானம் தேடி வந்தவர்.

"காய்ச்சாம ஒரு சொட்டுகூட யாருக்கும் கொடுத்துடாதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, வீடிழந்தவர்களைப் பார்க்க அம்மாள் கிளம்பிப் போனார்.

அம்பலவாணன் காய்ச்சத்தான் நினைத்தார். ஆனால் விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். வாசலில் குடங்களோடு ஊரே நின்றது. எங்கோ கிடைத்த நாலு காய்ந்த மட்டையில் ஒரே ஒரு பானை கொதித்தது. அதை அம்மாளுக்கென்று தனியாக மூடி வைத்தார். மற்றதைத் துணியில் வடிகட்டி அண்டாவில் ஊற்றினார். காய்ச்சினதா என்று கேட்டவர்களிடம், காய்ச்சினதுதான் என்றார். மழை விடவில்லை. அடுத்தடுத்த நாளும் அப்படியே நடந்தது.

நாலாம் நாள் வாந்தியும் பேதியும் தொடங்கின. கிணற்றுத் தண்ணீர்தானே, இதனால் இருக்காது என்று அம்பலவாணன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறாம் நாள் புயல் காப்பகத்தில் முப்பது பேர் பாயில் கிடந்தார்கள். நர்ஸ் ஒருத்தி உப்பும் சர்க்கரையும் கரைத்து ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். கட்டுமரத்துக்காரர் வைரக்கண்ணு பிழைக்கவில்லை.

காப்பகத்தில் எல்லாருக்கும் கஞ்சி வைத்தவள் தையல்நாயகி. அவள் கைதான் சுத்தமில்லை என்று ஊர் முடிவு கட்டியது. அவளுடைய பாத்திரங்களைச் சேற்றில் எறிந்தார்கள். அவள் வேலியோரம் தூறலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வழியாகப் போன அம்பலவாணனைப் பார்த்து, வாங்கய்யா என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

அன்று மத்தியானம் அம்பலவாணன் அம்மாளின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒரு கேள்வி அம்மா. தப்பே செய்யாதவங்க மேல ஏன் பழி வருது?"

அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

அம்பலவாணன் எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அம்மாளின் கையைப் பிடித்திருந்தார். தண்ணீர் பாதி கொட்டிப்போயிற்று.

"வேண்டாம்மா."

"ஏன்? ஊரே இதைத்தானே குடிக்குது."

அம்பலவாணன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஈர விறகைச் சொன்னார், சொன்ன பொய்யைச் சொன்னார். ஒரு பானை மட்டும் கொதித்ததையும் சொன்னார்.

"அந்த ஒரு பானை யாருக்கு?"

"உங்களுக்கு."

அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அப்படி நின்று அம்பலவாணன் பார்த்ததில்லை.

"மடத்தை விட்டுப் போயிடுறேன் அம்மா. இல்லைன்னா பட்டினி கிடக்கிறேன். என்ன தண்டனைன்னாலும் சொல்லுங்க."

"இந்தத் தண்ணி இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு?"

அம்பலவாணன் எழுந்து காப்பகத்துக்கு நடந்தார்.

காப்பகத்தின் நடுவில் நின்று எல்லார் முன்னாலும் சொன்னார். நர்ஸ் உடனே ஆட்களை அனுப்பி வீடு வீடாகக் குடங்களைக் கவிழ்க்கச் சொன்னாள். தண்ணீர் லாரிக்குப் போன் போட்டாள். யாரும் அவரை அடிக்கவில்லை. வைரக்கண்ணுவின் மனைவி மட்டும் அருகில் வந்தாள்.

"அவரு உங்ககிட்ட கேட்டுத்தானே வாங்கிட்டு வந்தாரு?"

"ஆமாம்மா. கேட்டாரு."

அவள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பெண்கள் வெளியே போய்த் தையல்நாயகியைக் கூப்பிட்டார்கள். அவள் பாத்திரங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவர் மடத்துக்குத் திரும்பியபோது அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் அண்டா கொதித்தது. அம்மாள் பூஜை அறைக் கதவைக் கழற்றிப் பிளந்து போட்டிருந்தார். நன்றாகக் காய்ந்த தேக்கு. இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்தது. அம்பலவாணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு அடுப்பருகே போய் உட்கார்ந்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா. ஆனா பாரம் இறங்கலையே."

"தையல்நாயகி தலையிலேருந்து இறங்குச்சா?"

"இறங்கிடுச்சு."

அம்மாள் இன்னொரு பலகையை நெருப்புக்குள் தள்ளினார்.

"பின்ன, அது வேற எங்க போகும் ஐயா?"