குங்குமம் பட்ட மதர்போர்டு

இந்தக் கதையில் ராஜாவும் இல்லை, கள்ளனும் இல்லை. தென்காசியில் ஒரு வீடு, வீட்டில் மூன்று பேர், செத்துப்போன ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்; கடைசியில் உங்களைத்தான் மடக்கப் போகிறேன்.

அந்த வீட்டு மருமகள் உலகம்மாள். ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிப்போனவள். பெங்களூர்க் கம்பெனி ஒன்றில், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை அவளுக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. வேலை கிடைத்த தைரியத்தில் ஜவுளிக்கடையை விட்டாள். விட்ட வாரமே ஊரில் இடி விழுந்தது, வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புருஷனோ லாரியோடு வடக்கே போயிருந்தான்.

"மதர்போர்டும் பிராசசரும்தான் போச்சு மைனி. மத்ததெல்லாம் நல்லாருக்கு, ரெண்டையும் மாத்திட்டாப் போதும்" என்றான் கொழுந்தன் செண்பகராமன். கல்லூரியில் படிக்கிறவன். தெருவில் யார் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். கையில் இருந்ததோ சொற்பம். பிராசசரில் போட்டால் போர்டு மட்டம், போர்டில் போட்டால் பிராசசர் மட்டம். கடைக்காரர் ஒரே வேகமுள்ள இரண்டு பிராசசர்களை எடுத்து வைத்தார். ஒன்று கொஞ்சம் விலை குறைவு. செண்பகராமன் யோசிக்கவே இல்லை, குறைந்ததை எடுத்தான். மிச்சத்தில் உசத்தியான போர்டு வாங்கலாம் என்றான்.

"பின்னாடி எவ்வளவு வேணாலும் ஏத்திக்கலாம் மைனி."

"பின்னாடி கெடக்கட்டும்யா. திங்கக்கிழம ஓடுமா, அதச் சொல்லு" என்றாள் உலகம்மாள்.

கடைக்காரர் பில் போடுமுன் கேட்டார்: "தம்பி, இந்தப் பிராசசருக்குத் தனியா ஒரு கார்டு வேணுமே. பழைய பெட்டிக்குள்ள இருக்கா?"

"இருக்கும்ணே."

நம்மாட்களுக்குத் 'தெரியாது' என்று சொல்ல நாக்கு எழும்பாது, 'இருக்கும்' என்பது மட்டும் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வரும். கடைக்காரர் தலையாட்டி பில்லைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சாயங்காலம் ராகுகாலம் பிறப்பதற்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று மாமியார் பிச்சம்மாள் பிடிவாதம். செண்பகராமன் புதுப் போர்டையும் பிராசசரையும் பொருத்தி, பழைய ரேமையும் பழைய டிஸ்க்கையும் மாட்டினான். பெட்டிக்குள் மாட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. மானிட்டர் ஒயரைப் போர்டின் பின்பக்கத்திலேயே செருகினான். மூடப் போகையில் பிச்சம்மாள் குங்குமச் சிமிழோடு வந்தாள்.

"வெளிய வச்சு என்னத்துக்குலே? உள்ளதான உசிரு இருக்கு" என்று பிராசசர் விசிறிமேல் தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். அவனும் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தான்.

சுவிட்சைப் போட்டதும் விசிறி சுழன்றது. குங்குமம் பறந்து போர்டெல்லாம் சிவந்தது. ஸ்பீக்கரில் வழக்கமாக வருகிற அந்தத் தொடக்க ஓசையும் கேட்டது. மானிட்டர் மட்டும் கறுப்பு. அணைத்துப் போட்டார்கள், மறுபடி அணைத்துப் போட்டார்கள். ஓசை வந்தது, படம் வரவில்லை.

"அத்தே! எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். அதுவரை அத்தையை ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள்.

பிச்சம்மாள் சிமிழைக் கீழே வைத்தாள். காதில் கிடந்த கம்மலைக் கழற்றினாள். "அழாத தாயி. இத வித்து வேற வாங்கு. நான் படிக்காத முண்டம், எனக்கு என்ன தெரியும்?"

செண்பகராமன் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. நிமிர்ந்து அம்மாவின் கையிலிருந்த கம்மலைப் பார்த்தான். "குங்குமந்தான் மைனி, கோளாறு பண்ணிட்டு. சுத்தம் பண்ணிருவோம்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் பறந்தான்.

திரும்பும்போது கையில் ஒரு மஞ்சப்பை. "தூசி பறக்கும், ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க" என்று கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான். மானிட்டரில் படம் பளிச்சென்று நின்றது. மானிட்டர் ஒயர் மட்டும் முன்பு இருந்த இடத்தைவிட்டுச் சற்றுக் கீழே செருகியிருந்தது.

"நல்லாத் துடைச்சேன், சரியாயிட்டு."

பிச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை உலகம்மாள் முகம் காட்டினாள், வேலையும் நிலைத்தது. பிச்சம்மாள் அதன்பிறகு அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. காப்பியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

இப்போது சொல்லுங்கள். கார்டைப் பற்றிக் கேட்டும், பெட்டியைப் பார்க்காமல் விற்ற கடைக்காரர்; உள்ளே குங்குமம் வைத்த பிச்சம்மாள்; ஆத்திரத்தில் வாயை விட்ட உலகம்மாள்; எல்லாம் தெரிந்த செண்பகராமன். திரை இருண்டது யாரால்? இதில் யார் செய்தது பெரிய தப்பு?

விடை: குங்குமம் ஒரு பாவமும் அறியாது. ஓசை வந்ததே, கம்ப்யூட்டர் உயிரோடு ஓடியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? விலை குறைந்த அந்தப் பிராசசருக்குள் திரையில் படம் காட்டுகிற பகுதி கிடையாது, செத்துப்போன பழையதில் அது இருந்தது. அதற்குத்தான் தனிக் கார்டு. மஞ்சப்பையில் வந்தது கூட்டாளியின் பழைய கார்டு, ஒயர் இடம் மாறியதும் அதில் செருகத்தான். ஆகவே திரை இருண்டது 'இருக்கும்ணே' என்ற சொல்லால். ஆனால் அது தெரியாமல் செய்த பிழை, யாருக்கும் வரும். பெரிய தப்பு, அம்மா கம்மலைக் கழற்றி நிற்கையில் விஷயம் புரிந்தும் 'குங்குமந்தான்' என்றானே, அதுதான். கடைக்காரர் கேட்கவாவது கேட்டார். உலகம்மாள் பேசியதும் கொடுமையான பேச்சுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பாருங்கள், அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதே அவளுக்கு இன்றுவரை தெரியாது.