முதல் கைநீர்

"இந்த வருஷம் கௌரிக்கு முதல் தண்ணீர் ருக்மா கொடுப்பாளாமே?" என்று கேட்டாள் ஜம்னா.

பன்னா மாதாஜி தலையாட்டினார்.

"அப்போ நான் எதுக்கு இருக்கேன்?"

மாதாஜி களிமண் கௌரியின் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

கங்கௌர் திருநாள் அது. ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் வசந்த காலம். உதய்பூர்ப் பெண்கள் கௌரிக்குப் பட்டு உடுத்தி, நகை பூட்டி, தலையில் சுமந்து பிச்சோலா ஏரிக்குக் கொண்டுபோவார்கள். பிறந்த வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் பெண் அல்லவா? ஏரித் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துத்தான் வழியனுப்புவார்கள்.

மாதாஜியின் ஆசிரமம் மலையடிவாரத்தில். அங்கிருக்கும் பெண்களும் வருஷம் தவறாமல் தங்கள் கௌரியோடு ஊருக்குள் வருவார்கள். அவர்களுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. சொம்பு கூடாது, கிண்ணம் கூடாது. தண்ணீரை வெறுங்கையில் ஏந்தித்தான் வர வேண்டும். முதல் கைநீர் கொடுப்பவள்தான் மாதாஜிக்கு அடுத்தவள் என்று ஆசிரமத்தில் ஒரு பேச்சு. மாதாஜி அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் என்ன, பேசுகிற வாயை யார் மூட முடியும்?

இத்தனை வருஷமும் முதல் கை ஜம்னாவுடையதுதான்.

ருக்மா போன மழைக்காலத்தில் வந்தவள். அன்றிலிருந்து ஜம்னாவின் கண் அவள்மேலேயே இருந்தது. மாதாஜி யார் கொடுத்த மோரை மிச்சம் வைக்காமல் குடித்தார், யாரைப் பார்த்துச் சிரித்தார், கால் வலிக்கிறது என்று யாரைக் கூப்பிட்டார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருநாள் ருக்மா சுட்ட ரொட்டி கருகிப்போனது. அன்றைக்கு ஜம்னாவுக்கு நல்ல பசி.

இப்போது அவள் புலம்பித் தீர்த்தாள். மண் பிசைந்தது யார், விரதம் இருந்தது யார், நேற்று வந்தவளுக்கு இந்த மரியாதையா என்று கேட்டாள்.

மாதாஜி குங்குமக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. நீயே கொடு."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று ஜம்னா நினைக்கவில்லை. ஒரு கணம் குளிர்ந்துபோனாள். அடுத்த கணமே, ருக்மாவிடம் இதை யார் சொல்வது என்று கேட்டாள்.

"நீயே சொல்லு."

நேரே போய்ச் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

ருக்மா பூக் கட்டிக்கொண்டிருந்தாள். "சரி அக்கா, நான் உங்க பின்னாடி வரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பூவை எடுத்தாள்.

முகம் கொஞ்சம் சுருங்கியிருக்கக் கூடாதா? அதுதான் ஜம்னாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் படித்துறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. மேல்படியில் ஆசிரமத்துக் கௌரியை இறக்கி வைத்து, பக்கத்தில் மாதாஜி உட்கார்ந்துகொண்டார்.

ஜம்னா கடைசிப் படிக்கு இறங்கினாள். இரண்டு கையையும் சேர்த்துத் தண்ணீர் அள்ளினாள். ஏறினாள்.

ஏறுகிறவள் திரும்பிப் பார்த்தாள். ருக்மா பார்க்கிறாளா?

பார்க்கவில்லை. குனிந்து தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் ஏறி மறுபடி திரும்பினாள். இப்போதாவது முகம் வாடியிருக்கிறதா? ருக்மா தன் கையையே பார்த்தபடி பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

மேலே வந்து கௌரியின் முன் நின்று ஜம்னா கையை உயர்த்தினாள்.

கையில் ஈரம் இருந்தது. தண்ணீர் இல்லை.

விரதம் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்ப இறங்கிப் போனால் ருக்மா முதலாகிவிடுவாள். இப்படியே நின்றாலோ மானம் போகும். மாதாஜி ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். மாதாஜி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ருக்மா வந்து நின்றாள். கை நிறையத் தண்ணீர். ஜம்னாவின் வெறுங்கை அவள் கண்ணில் பட்டது. ஆனாலும் அவள் முந்தவில்லை, ஒதுங்கவும் இல்லை. அப்படியே நின்றாள்.

இவள் ஏன் முந்திப் போகாமல் நிற்கிறாள்? போனால் ஆசைதீரத் திட்டலாமே என்று ஜம்னா பல்லைக் கடித்தாள்.

அப்போதுதான் ருக்மாவின் முழங்கையைப் பார்த்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நிற்க நிற்கக் குறைந்துகொண்டே வந்தது. பகல் முழுக்க வெயிலில் அவர்கள் சுமந்து வந்த கௌரி, வாய் உலர்ந்து நின்றாள்.

"ஐயோ, சிந்துது" என்றாள் ஜம்னா.

சட்டென்று ருக்மாவின் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தாள். நான்கு கையும் ஒன்றாக உயர்ந்தன. உலர்ந்த மண் உதடு நனைந்து கருத்தது.

பெண்கள் பாடத் தொடங்கினார்கள்.

மாதாஜி இப்போதுதான் திரும்பினார். ஜம்னாவை அருகில் கூப்பிட்டார்.

"முதல்ல விழுந்தது யார் கைத் தண்ணீர்?"

ஜம்னா தன் கைகளைப் பார்த்தாள். ருக்மாவைப் பார்த்தாள்.

"கவனிக்கலையே, மாதாஜி."