கொடைவள்ளலைத் தாங்காத பியூஸ்

எந்தக் கல்யாணத்துக்கும் வெறுங்கையோடு போகும் ஒன்றியத் தலைவர் ஏகாம்பரம், காரின் நெற்றியில் தன் பட்டங்களைப் பல்பு எழுத்தில் மாட்டியிருந்தார்: மாவீரர், தியாகி, கொடைவள்ளல். மண்டப வாசலில் மூன்றும் பொசுக்கென்று அணைந்தன.

“மறுபடியும் பியூஸ் போயிருச்சா? இப்பவே எரியணும். இல்லேன்னா சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பு!” என்று டிரைவர் சன்னாசியிடம் கூட்டத்துக்கு நடுவே கத்தினார்.

கோளாறு எந்த வயரில் என்று சன்னாசிக்குக் காலையிலேயே தெரியும். ஆனாலும் பவ்யமாக, “ஒவ்வொண்ணாக் கழட்டிப் பார்க்கணுங்கய்யா” என்றான்.

“பாரு! எல்லாரும் பார்க்கட்டும்!”

மாவீரரைக் கழற்றிப் புது பியூஸ் போட்டான், போயிற்று. அவரை மாட்டிவிட்டுத் தியாகியைக் கழற்றினான், அடுத்த பியூஸும் போயிற்று. கொடைவள்ளலைக் கழற்றினான். மற்ற இரண்டும் ஜம்மென்று எரிந்தன.

“ஐயா, கொடைவள்ளலைத்தான் பியூஸ் ஒத்துக்க மாட்டேங்குது!” என்று உரக்கச் சொன்னான் சன்னாசி.

மொய் எழுதுகிறவர்தான் முதலில் சிரித்தார். சாவியைக் கேட்காமலே தலைவர் மண்டபத்துக்குள் விரைந்தார்.