வடையின் துளைக்கு நேர் கீழே

ஆவணி மாதத்து வளர்பிறை. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், பிற்பகல் மூன்றரை மணி. விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டில் முதல் ஈடு வடை எண்ணெயிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. மழை பெய்வதா வேண்டாமா என்று வானம் இன்னும் முடிவு செய்யவில்லை.

உள்ளே, மணவறைக்கு மேலிருந்து விருத்தகிரி ஏணியில் இறங்கினார். வயது ஐம்பத்தெட்டு. முப்பது ஆண்டுகள் மைக்செட் நடத்தியவர். எங்கே கட்டினாலும் முக்கியமானவர் எந்தப் பக்கம் உட்காருகிறார் என்று பார்த்து, அந்தப் பக்கமாகக் குழாய் ஒலிபெருக்கியைத் திருப்பிவைப்பார். இப்போது மண்டபங்களில் வைஃபை அமைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். கற்பித்த தாட்சாயணிக்கு வயது முப்பத்தொன்று.

சேர்ந்த அன்றே அவர் கேட்டார்: "டீச்சரம்மா, தட்சிணை எவ்வளவு? இப்பவே சொல்லிடுங்க. பாக்கி வச்சா எனக்குத் தூக்கம் வராது. எங்கப்பாவும் அப்படித்தான். ஒரு தடவை என்ன ஆச்சுன்னா..."

"அது வர்றப்ப சொல்றேன், ஐயா," என்றார் தாட்சாயணி.

அப்பாவின் கதை முடிய அரை மணி நேரம் ஆயிற்று.

மணப்பெண் மீனலோசனியின் தந்தை கலியபெருமாள் சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்ப்பவர். திருமணத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியவர். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல் நடுக்கடலில் நின்றுவிட்டது. தாலி கட்டும் வேளையில் கப்பலின் இணையத்தை அவருக்கு ஒதுக்கித் தரக் கேப்டன் இசைந்திருந்தார். ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் படம் அனுப்பும் மண்டபத்தில் செல்போன் கோபுரத்தை நம்ப முடியாது. மண்டபத்து வைஃபை ஒன்றே வழி.

"எங்கப்பா முகம் தெரிஞ்சாத்தான் தலையை நிமிர்த்துவேன்," என்று மீனலோசனி சொல்லிவிட்டாள்.

"உன் காதுகுத்துக்கு மைக் கட்டினவன்மா நான்," என்று விருத்தகிரி வாக்குக் கொடுத்திருந்தார். "கல்யாணத்துக்குக் கோட்டை விடுவேனா?"

எனவே அன்று காலையிலேயே, முக்கியமானவரின் தலைக்கு நேர் மேலே, உத்தரத்தில், குச்சி போன்ற ஆண்டெனாவைத் தொங்கவிட்டார். மீனலோசனி மணையில் உட்கார்ந்து போனைப் பிடித்தாள். படம் நின்றது, நகர்ந்தது, மறுபடியும் நின்றது. பந்திக்கூடத்துக்கு நடந்தாள். அங்கே தெளிவாக ஓடிற்று.

"பந்தியில நல்லா வருது, பெரியப்பா. இலைக்கு முன்னாடி உக்காந்து தாலி கட்டிக்கட்டுமா?"

விருத்தகிரி கடலூருக்கு ஆள் அனுப்பி நீளமான ஆண்டெனா ஒன்றை வரவழைத்தார். வீச்சின் அளவு பழையதில் மூன்று என்று போட்டிருந்தது, புதியதில் எட்டு. அதை மாட்டிய பிறகு மணவறையில் இருந்த கொஞ்சமும் போயிற்று. வாசலில் காவல்காரர் மட்டும் கிரிக்கெட் ஆட்டத்தை ஒரு பந்து விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் தாட்சாயணி வந்து சேர்ந்தார்.

"டீச்சரம்மா, பெரிசு போட்டா கூடணும். ஏன் குறையுது? ஒயர் சரியில்லையா? இல்ல, இந்த மணவறை ஜோடனையில ஜிகினா இருக்கே, அதுவா? எனக்கென்னவோ..."

"பெட்டியில ஒரு படம் இருந்திருக்குமே. பாத்தீங்களா?"

விருத்தகிரி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ஆண்டெனா எந்தத் திசையில் எவ்வளவு வீசும் என்று காட்டும் படங்கள் அதில் இரண்டு இருந்தன.

"பாக்காம இருப்பேனா? ஒண்ணு முழு நிலா. சுத்திலும் ஒரே மாதிரி. இன்னொண்ணு வண்ணத்துப்பூச்சி, ரெண்டு பக்கம் றெக்கை, நடுவுல ஒண்ணுமே இல்லை. அது வேற மாடலோட படம் போல. தப்பா அச்சடிச்சுட்டான். நான் நிலாவை எடுத்துக்கிட்டேன்."

தாட்சாயணி சமையற்கட்டுக்குள் போனார். விருத்தகிரி பின்தொடர்ந்தார்.

"மாஸ்டர், ரெண்டு வடை வேணும். ஒரு உருண்டை மாவு. ஒரு கத்தி."

சமையல் மாஸ்டர் சிங்காரம் நிமிர்ந்தார். "வடை தர்றேன். கத்தி எதுக்கும்மா? என் வடை அவ்வளவு கெட்டின்னு யாராவது சொன்னாங்களா?"

தாட்சாயணி ஒரு வடையை இலையில் வைத்தார். "மேலேர்ந்து பாருங்க, ஐயா. என்ன தெரியுது?"

"வட்டம்."

"உங்க நிலாவா?"

"நிலாதான். வெந்த நிலா."

தாட்சாயணி வடையை நட்டநடுவில் கத்தியால் இரண்டாக்கினார். வெட்டுவாயை விருத்தகிரியின் பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம் ஓர் உருண்டை, அந்தப் பக்கம் ஓர் உருண்டை, நடுவே இடைவெளி.

விருத்தகிரி வடையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மீண்டும் வடையைப் பார்த்தார்.

"வண்ணத்துப்பூச்சி," என்றார்.

"எத்தனை வடை?"

"ஒண்ணுதான்."

"எத்தனை ஆண்டெனா?"

"ஒண்ணுதான். அப்போ நடுவுல ஒண்ணுமில்லாத அந்த இடம்..."

"துளை."

வடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் துளையைக் குறிப்பிடுவதில்லை. சுடுகிறவர்கள் அதை மறப்பதில்லை.

தாட்சாயணி விளக்குமாற்றுக் கட்டிலிருந்து ஓர் ஈர்க்கை உருவப் போனார். சிங்காரம் பதறி, அலமாரியிலிருந்து புது ஈர்க்கு ஒன்றை எடுத்துத் தந்தார். தாட்சாயணி இரண்டாவது வடையின் துளைக்குள் அதைச் செங்குத்தாக நுழைத்து, வடை நழுவாதபடி விரலால் தாங்கி, சிங்காரத்தின் தலைக்கு மேலே பிடித்தார்.

"குச்சி ஆண்டெனா. சுத்தி இருக்கறது அது வீசறது. மாஸ்டர்தான் பொண்ணு."

"மாப்பிள்ளை யாரும்மா?" என்றார் சிங்காரம்.

"ஐயா, பொண்ணு எங்கே இருக்கு?"

விருத்தகிரி குனிந்து, கீழிருந்து மேலே பார்த்தார். துளை வழியாகச் சமையற்கட்டின் ஓடு தெரிந்தது.

"துளைக்கு நேர் கீழே."

மீனலோசனி வடை வாசனைக்கு வந்திருந்தாள். "ஏன் பெரியப்பா, மண்டபத்துல இவ்வளவு இடம் இருக்க, என்னையா துளையில உக்கார வச்சீங்க?"

"முக்கியமானவங்களாச்சேன்னு..." என்று இழுத்த விருத்தகிரி, சட்டென்று நிமிர்ந்தார். "சரி, அது போகட்டும். மூணுக்கு எட்டு போட்டேனே? அஞ்சு கூடிச்சே? அது எங்கே போச்சு?"

தாட்சாயணி மாவு உருண்டையை இலையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். உருண்டை தட்டையாகி இலையின் விளிம்பு வரை பரவியது.

"மாவு கூடிச்சா?"

"இல்லை."

"அகலம்?"

"கூடிச்சு."

"அது எங்கேர்ந்து வந்தது?"

விருத்தகிரி இலையின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். "உயரத்துலேர்ந்து. மேலயும் கீழயும் இருந்ததை எடுத்துப் பக்கவாட்டுல தள்ளியிருக்கீங்க." பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். "அடக் கடவுளே. பொண்ணோட பங்கைப் பிடுங்கிக் காவல்காரருக்குக் குடுத்திருக்கேன்!"

வாசலிலிருந்து காவல்காரரின் குரல் கேட்டது. "சிக்ஸர்!"

எங்கே மாட்ட வேண்டும் என்று தாட்சாயணி சொல்லவில்லை. விருத்தகிரியும் கேட்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் நீள ஆண்டெனாவைக் கழற்றினார். பழைய சிறியதை, மணவறைக்கு எதிரே இருந்த தூணில், நிற்பவர்களின் தலை மறைக்காத உயரத்தில் நிமிர்த்திக் கட்டினார். மீனலோசனி மணையில் உட்கார்ந்தாள். மதுரையில் இருந்த தன் தோழியை அழைத்தாள். தோழியின் காதுத் தோட்டில் இருந்த கற்களை எண்ணிச் சொன்னாள்.

மழை பெய்யத் தொடங்கியது. விருத்தகிரியின் முகம் மட்டும் முழுதாகத் தெளியவில்லை.

"டீச்சரம்மா, இது பேசறதுக்கான படம். நாளைக்கு அந்தப் பொண்ணு கையில இருக்கற போன் சன்னமாத்தான் பேசும். அதை இது கேக்கணுமே, அதுக்கான படம் எங்கே? என் தொழில்ல குழாய் வேற, மைக் வேற. கேக்கறதுக்குத் தனியா வாங்கணுமோ? கடலூர் கடை ஏழு மணிக்குச் சாத்திடுவான். நான் வேணா இப்பவே..."

"அதே படம்தான்."

"எது?"

"எந்தப் பக்கம் நல்லாப் பேசுமோ, அந்தப் பக்கம் நல்லாக் கேக்கும். துளை பேசறதுக்கும் துளைதான், கேக்கறதுக்கும் துளைதான்."

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவை சொன்னேன், ஐயா. வண்ணத்துப்பூச்சியையும் சேத்து."

"எப்போ?"

"நீங்க பேசிக்கிட்டிருந்தப்போ."

விருத்தகிரி தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, கெட்டிமேளம் தொடங்குமுன் போனில் கலியபெருமாளின் முகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் எண்ணெய்க் கறை படிந்த சீருடையில் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். மீனலோசனி தலையை நிமிர்த்தினாள். தாலி ஏறியது. கடலின் நடுவிலிருந்து கைதட்டும் ஒலி கேட்டது.

"கண்ணு, எல்லாம் தெரியுதும்மா," என்றார் கலியபெருமாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "தூணுக்குப் பக்கத்துல வடை தின்னுக்கிட்டு நிக்கறது விருத்தகிரி அண்ணன்தானே?"

விருத்தகிரி வடையை மறைத்தார். துளை வழியாக விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

மண்டபத்துக்காரர் கூலியை அன்றைய பந்தி முடிந்ததும் வெற்றிலை பாக்கோடு கொடுத்தார். சிங்காரம் இரண்டு வடைக்கும் ஓர் உருண்டை மாவுக்கும் ஈடாக, மறுநாள் பேருந்து நிலையத்தில் விருத்தகிரியிடம் ஒரு டீ வாங்கிக் குடித்தார். ஈர்க்கை இனாமாக விட்டுவிட்டார். கலியபெருமாள் ஐப்பசியில் கரையிறங்கி, ஆசிரியைக்கும் மாணவருக்கும் ஆளுக்கொரு பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். காவல்காரர் எதுவும் தரவில்லை. நீள ஆண்டெனா எப்போது திரும்பி வரும் என்று மட்டும் விசாரித்தார்.

தட்சிணை பாக்கி இருந்தது.

கார்த்திகை முதல் வாரம், காலை பத்து மணி. விருத்தகிரி புதிய படம் ஒன்றுடன் தாட்சாயணியின் பட்டறைக்கு வந்தார். தாளை மேசையில் விரித்தார்.

"டீச்சரம்மா, இந்த உள்வட்டத்துக்கு என்ன அர்த்தம்?"

தாட்சாயணி படத்தைப் பார்த்தார். உடனே பதில் சொல்லவில்லை. தெருவில் ஒரு கீரை வண்டி கூவிக்கொண்டு போனது. மேசை மேல் இருந்த மின்விசிறி ஒருமுறை இடமிருந்து வலம் திரும்பி, மறுபடி இடம் வந்தது. விருத்தகிரியின் உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

தாட்சாயணி பென்சிலை எடுத்தார்.

"தட்சிணை வந்துடுச்சு, ஐயா," என்றார். "இப்போ சொல்றேன்."