கொக்குக்கு ஒட்டகம்

மேற்கு மலையில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவர் நெட்டைச்சாமி. வாலிபத்தில் கூடைப்பந்து ஆடியவர். கூரையில் ஓடு மாற்ற அவருக்கு ஏணி வேண்டாம். மழை பெய்தால் முதலில் அவர் தலை நனையும். மற்றவர்கள் குடையைத் தேடி எடுக்க அவகாசம் இருக்கும்.

அந்த மடத்தில் தியானம் உண்டு, தோட்ட வேலை உண்டு, ஃபேன்டஸி பேஸ்கெட்பாலும் உண்டு. அமெரிக்காவில் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்கள் சிலரை ஒவ்வொரு சீடரும் தம் பெயருக்கு எடுத்துக்கொண்டு ஓர் அணி வைத்திருப்பார். அவர்கள் அங்கே கூடையில் போடுவது இங்கே இவர் கணக்கில் ஏறும். ஆசையை விடச் சொல்லிப் பார்த்தார் சாமி. யாரும் விடுகிறதாக இல்லை. சரி, கண்ணால் காணாத அணியின் மேலாவது வைத்துத் தொலையுங்கள் என்று விட்டுவிட்டார்.

அந்த ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் ஆட்டக்காரர்களுக்குச் சீடர்களே பெயர் வைத்தார்கள். ஒருவன் கொக்கு. ஒருவன் ஒட்டகம். குட்டையாக உருண்டு வருகிற ஒருவன் தவில்.

ஒருவர் தம் ஆளைக் கொடுத்து இன்னொருவர் ஆளை வாங்கலாம். டிரேடு என்பார்கள். இருவரும் ஒத்துக்கொண்டு, சாமியும் தலையசைத்தால் செல்லும். ஒரு டிரேடு பேசி முடிவதற்குள் கொடியில் பூசணிப் பிஞ்சு காயாகிவிடும். அவ்வளவு பேரம் நடக்கும்.

சீசன் முடிவில் கடைசியாக வருகிறவர் அடுத்த சீசன் வரை மடத்து அண்டாவைத் தேய்க்க வேண்டும். அதற்குள் ஒரு முறை கன்றுக்குட்டி இறங்கிவிட்டு, திரும்பி வரும்போது பசுவாக வந்தது என்று சொல்வார்கள். மாசிலாமணிதான் சீசன் தவறாமல் கடைசி. சாமியைவிட வயதில் மூத்தவர். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவர் உள்ளங்கை வெடித்துக் கிடந்தது. யாராவது உதவிக்கு வந்தால் கரண்டியை ஓங்குவார்.

இந்த சீசன் அவர் அணி கடைசியிலிருந்து ஒரு படி ஏறி நின்றது. ஒட்டகத்தின் புண்ணியம்.

மடத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. யானைப்பாறை உச்சியில்தான் கிடைக்கும். முறை வைத்து ஒருவர் விடிந்ததும் ஏறிப்போய் ஆட்டச் செய்தி பார்த்து வந்து, கஞ்சி குடிக்கும்போது எல்லோருக்கும் சொல்வார். அன்று மாசிலாமணியின் முறை. ஒட்டகத்தின் முழங்கால் போய்விட்டது, இந்த சீசனில் இனி ஆடமாட்டான் என்று போட்டிருந்தது.

வழியில் மேய்ந்த ஆடுகள் ஒதுங்கி வழிவிடும் வேகத்தில் இறங்கினார்.

மடப்பள்ளியில் குழந்தைசாமி அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். நாற்பது வயது ஆள். கொக்கு அவன் அணியில் இருந்தான். மாசிலாமணி நேராகப் போய், ஒட்டகத்தைத் தருகிறேன், கொக்கைத் தா என்றார். கொக்கு இரண்டு படி மேலான ஆட்டக்காரன். அவன் முறைத்தால் தன்னிடமிருந்த தவிலையும் சேர்த்துக் கொடுப்பதாக மனதில் வைத்திருந்தார்.

குழந்தைசாமி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சரி அண்ணாச்சி என்றுவிட்டான்.

பேரமே இல்லை. மாசிலாமணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சாமியைத் தேடிப் போனார்.

நெட்டைச்சாமி தரையில் நின்றபடி, ஓடு எடுத்த இடைவெளியில் தலையை வெளியே நீட்டி, கூரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கொக்கு, ஒட்டகம் விவரத்தைச் சொன்னார் மாசிலாமணி. முழங்காலைச் சொல்லவில்லை.

"கஞ்சிக்கு முன்னால தலையசைச்சுட்டீங்கன்னா நல்லது சாமி."

"என்னவே அவசரம்?"

அவசரம் ஒன்றுமில்லை என்றார். பேச்சை மாற்றுவதற்காக, சீடன் கேட்கிற மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டார். ஒரு டிரேடு சரியா தப்பா என்று எதை வைத்துப் பார்க்க வேண்டும்?

"நீர் எதை வச்சுப் பாத்தீரு?"

மாசிலாமணி அடுக்கினார். எடுக்கிற புள்ளி, பிடிக்கிற பந்து, தவறவிடுகிற ஃப்ரீ த்ரோ, இந்த வாரம் ஆடியது, சீசன் முழுக்க ஆடியது, இன்னும் ஆட வேண்டியது. சாமி இரண்டு ஓடு செருகி முடித்தார்.

"கணக்கு யார் பக்கம் நல்லாருக்கு?"

"என் பக்கந்தான்."

"அப்ப அவன் எதுக்குக் குடுத்தான்?"

"அவனுக்கு ஆட்டம் தெரியாது சாமி."

"போன சீசன் முதல்ல வந்தது அவன்லாவே."

மாசிலாமணி கீழே கிடந்த ஓட்டுத் துண்டைக் காலால் நகர்த்தினார்.

"எதுக்குக் குடுத்தான்னு அவன்ட்டயே கேட்டீரா?"

"இல்ல."

"கேட்டுட்டு வாரும். இப்ப என் தலை கூரைக்கு மேல இருக்கு. அசைச்சா ஓடு சரிஞ்சுரும்."

திரும்பவும் மடப்பள்ளிக்கு வந்தார். எதற்கு உடனே சரி என்றாய் என்று கேட்டார். ஒட்டகத்தை ரொம்ப நாளாகவே பிடிக்கும் என்றான் குழந்தைசாமி. ஒட்டகத்தைப் போன வாரம் அவன் கண்டபடி திட்டியதை மாசிலாமணி நினைவுபடுத்தினார். அவன் பூசணி விதைகளை ஒதுக்கிக்கொண்டே இருந்தான்.

"முந்தாநாள் ரசம் பட்டு உள்ளங்கை எரிஞ்சு, நீங்க இடது கையால சாப்பிட்டீங்க அண்ணாச்சி."

பந்தியில் யாரும் அன்று நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் மாசிலாமணி நம்பியிருந்தார்.

"அண்டாவ நான் தேய்க்கேன்னு வந்தா கரண்டிய ஓங்குவீங்க. டிரேடுன்னா வாங்கிக்கிடுவீங்கல்லா."

மாசிலாமணி தரையில் உட்கார்ந்தார். கஞ்சி மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஒட்டகத்துக்கு முழங்கால் போயிட்டுல" என்றார் மாசிலாமணி.

"எப்பத் தெரியும்?"

"ஒங்கிட்ட வாரதுக்கு முன்னாலயே."

குழந்தைசாமி அரிவாள்மனையை மடக்கி வைத்தான்.

"கொக்கு வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சும்மாவே தந்திருப்பேனே."

"சும்மா தந்தா நான் வாங்குவனால?"

"ஏமாத்தின்னா வாங்குவீங்க."

மாசிலாமணி எழுந்து நடந்தார். குழந்தைசாமியும் பின்னாலேயே போனான்.

சாமி முன்னால் நின்று முழங்கால் கதையை முழுக்கச் சொன்னார் மாசிலாமணி. டிரேடு வேண்டாம், கொக்கு அவனிடமே இருக்கட்டும் என்றார். குழந்தைசாமி விடவில்லை. சரி என்று சொன்ன வாய் சொன்னதுதான், ஒட்டகம் நொண்டியானாலும் தன் ஆள் என்றான். உன் இரக்கத்தை இங்கே யார் கேட்டது என்றார் அவர். உங்கள் தந்திரத்தை மட்டும் யார் கேட்டது என்றான் இவன். கஞ்சிக்கு உட்கார்ந்தவர்கள் குவளையோடு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடைசியில் மாசிலாமணி அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க சாமி. இந்த டிரேடு செல்லுமா, செல்லாதா?"

நெட்டைச்சாமி தலையைக் கூரைக்குள் இழுத்துக்கொண்டார். முடியெல்லாம் ஒட்டடை.

"காலையிலருந்து ரெண்டு டிரேடு நடந்திருக்கு. இவரு தனியா ஏமாத்தப் பாத்தது ஒண்ணு, இவன் தனியா இரங்கினது ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் ஒருத்தன்தான் இருந்திருக்கான். நான் எதுக்குன்னு தலையசைக்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"இப்பத்தான் ரெண்டு பேரா வந்திருக்கீங்க" என்றார் சாமி. "உக்காந்து பேசுங்க. கஞ்சிய நான் எடுத்துட்டு வாரேன்."